பரணில் கழியும் வியாழன் இரவுகள்

காடு என்றதும் வாசக நேயர்களின் மனக்கண்முன் தேக்கும் மூங்கிலும் அருவியும் நிறைந்த மலைச்சாரல் தோன்றக்கூடும். அருப்புக்கோட்டைச் சீமையில் பிறந்தோர்க்கு அச்சொல்லின் பொருள் வேறு. "காட்டுக்குப் போய்வருகிறேன்" என்று இங்கு ஒருவர் சொன்னால், தம் கரிசல் புஞ்சைக்குப் போய்வருகிறார் என்பதே பொருள். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் வெட்டவெளிக்குக் காடு என்று பெயரிட்ட முன்னோர் சொல்லறியாதவர்கள் அல்லர். பகலில் மட்டும் அந்நிலத்தைக் கண்டு செல்வோர்க்கு அது வெட்டவெளி. இரவில் அங்கே அமர்ந்து பார்த்தவர்க்கு அது காடேதான்.

திருச்சுழியிலிருந்து கிழக்கே செல்லும் வழியில் நரிக்குடி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊரின் பெயரிலேயே நரி குடியிருக்கிறது. குண்டாற்றின் இருமருங்கிலும் கண்மாய்கள்; அவற்றின் உள்வாயில் நாட்டுக் கருவேலம், கரைகளில் பனை, எஞ்சிய இடமெல்லாம் சீமைக் கருவேலம். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று அம்மரத்தின்மேல் ஊரார்க்கு உள்ள சினம் பெரிது. 2017ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை வேரோடு களையுமாறு ஆணையிட்டபோது மகிழாத உழவர் இல்லை. ஆயினும் அதன் விறகாலும் கரிமூட்டத்தாலும் அடுப்பெரியும் குடும்பங்கள் இப்பகுதியில் பல. அந்த முட்புதரையே அரணாகக் கொண்டு வாழும் உயிரினங்களும் பல. பகலெல்லாம் அவை அங்கே உறங்குகின்றன. நாம் இஷாத் தொழுகை முடித்துக் கதவடைக்கும் வேளையில் அவற்றுக்குப் பொழுது விடிகிறது.

அரபுப் பாடசாலைகளில் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே வியாழன் இரவு ஆசிரியனுக்குச் சொந்தமானது. கடந்த நான்கு ஆண்டுகளாக மார்கழி, தை மாதங்களில் அவ்விரவுகளை நாம் ஒரு பரணின்மேல் கழித்து வருகிறோம். பரணுக்கு உரியவர் நம் தந்தையார் காலத்திலிருந்து குடும்பத்துக்குப் பழக்கமான ஓர் உழவர், நாம் அண்ணாச்சி என்றழைப்பவர், அறுபத்தெட்டு வயதினர். கண்மாய்க் கரையை ஒட்டி மூன்று ஏக்கர் புஞ்சை அவருக்கு உண்டு. புரட்டாசி இறுதியில் மக்காச்சோளம் ஊன்றுகிறார். மார்கழியில் கதிர் பால் பிடிக்கிறது. பன்றிகளும் அப்போதுதான் வருகின்றன. பிள்ளைகள் இருவரும் திருப்பூரில் பனியன் ஆலையில் இருக்கிறார்கள். காவலுக்கு ஆள் வைத்தால் கூலிக்கே விளைச்சல் போதாது. எனவே அறுபது இரவுகள் அண்ணாச்சியே விழித்திருக்க வேண்டும்.

முதலாண்டு ஒருநாள் வேறு அலுவலாகச் சென்றிருந்த நாம் அவருடன் பரணில் தங்க நேர்ந்தது. இரண்டாம் வாரமே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வியாழன் இரவில் காவல் நம்முடையது. அன்று அவர் கீழே கொட்டகையில் உறங்குவார். நமக்குக் காட்சி, அவருக்குக் கண்ணுறக்கம். இதில் யாருக்கு இலாபம் மிகுதி என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்கு.

"வாத்தியார் பன்றி பார்க்கவா போகிறார்?" என்று ஜமாஅத்தில் சிலர் நகைத்ததுண்டு. உண்பதற்கு விலக்கப்பட்டதே அன்றிப் பார்ப்பதற்கு விலக்கப்பட்டதன்று என்று விடை சொன்னோம். ஹிஜ்ரி 255இல் மறைந்த பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிஸ், விலங்குகளைப் பற்றி எழுதிய 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலில் பன்றியைப் பற்றியும் விரிவாகவே எழுதியிருக்கிறார். ஹிஜ்ரி 808இல் மறைந்த எகிப்தின் தமீரி (ரஹ்) அவர்கள் ஃபிக்ஹுக் கலையில் தேர்ந்த ஆலிம். அவர்கள் விலங்குகளை அகரவரிசையில் நிறுத்தி 'ஹயாத்துல் ஹயவான்' இயற்றியபோது, ஒவ்வொன்றுக்கும் பெயர்க் காரணம், இயல்பு, உண்ணலாமா கூடாதா என்னும் தீர்ப்பு, அதைக் குறித்த பழமொழி என எல்லாவற்றையும் திரட்டி வைத்தார்கள். நாம் ஓதிய காலத்தில் அந்நூலை இலக்கணச் சான்றுகளுக்காகப் புரட்டியதுண்டு. அதிலுள்ள பிராணிகளில் சில நம் ஊர்க் கண்மாய்க் கரையிலேயே உலவுகின்றன என்பது பரணேறிய பின்னர்தான் தெரிந்தது.

பரண் என்றால் பெரிதொன்றுமில்லை. நான்கு கருவேலங்கால்கள், ஆளுயரத்துக்குச் சற்று மேலே பனஞ்சட்டங்கள், அவற்றின்மேல் வைக்கோலும் சாக்கும், தலைக்குமேல் தென்னங்கீற்று, மூன்று பக்கமும் சோளத்தட்டை மறைப்பு. சங்கப் புலவர்கள் இதனை இதணம் என்றும் கழுது என்றும் வழங்கினர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் மகளிர் கிளியோட்டத் தட்டை, தழல், குளிர் என்னும் ஒலிக்கருவிகளை வைத்திருந்தனர். நம்மிடம் இருப்பது ஒரு பழைய எண்ணெய்த் தகரமும் ஒரு கட்டையும். கருவி மாறியிருக்கிறது, தொழில் அதுவேதான்.

இரவில் விலங்கைப் பார்ப்பதற்குக் கண்ணைவிட மூக்கின் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும் - நம் மூக்கின் இலக்கணம் அன்று, அவற்றின் மூக்கின் இலக்கணம். மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும் வாடை. அண்ணாச்சியின் பரண் புஞ்சையின் தென்மேற்கு மூலையில் அமைந்திருப்பது தற்செயலன்று. கண்மாயிலிருந்து வரும் உயிருக்கு நம் மணம் எட்டாது. அதன் மணம் நமக்கு எட்டும். அன்று அத்தர் பூசுவதை நாம் விட்டுவிடுகிறோம். சுக்குக் காப்பியின் மணத்தை மட்டும் விடமுடியவில்லை. அடுத்தது வெளிச்சம். கைவிளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிக்கொண்டால், விலங்குகள் அவ்வொளியை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. நரி, மரநாய் முதலியவற்றின் கண்ணுக்குப் பின்னே ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு; அதனால் அவற்றின் விழிகள் இருளில் தணல்போல் மின்னும். பன்றிக்கு அப்படலம் இல்லை, மனிதனுக்கும் இல்லை. எனவே, பன்றி வருவதைக் கண் காட்டிக்கொடுக்காது; செவிதான் சொல்ல வேண்டும். சோளத்தட்டை முறியும் ஓசைக்கும் காற்றில் தாள் உரசும் ஓசைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்ள நமக்கு ஓராண்டு பிடித்தது.

மஃரிபுக்குப் பின் பழந்தின்னி வௌவால்கள் கண்மாய்க்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பின்னர் ஒரு நாழிகை ஒன்றுமிராது. புதிதாக வருவோர் அந்நேரத்தில்தான் சலிப்புற்றுப் பேசத் தொடங்குவர். பேசினால் அன்றைய இரவு முடிந்தது. எட்டரை மணியளவில் வரப்போரம் முயல்கள் வரும். இரண்டடி தாவும், நிற்கும், காதை நிமிர்த்தும், மீண்டும் இரண்டடி தாவும். ஒன்பதைத் தாண்டியதும் கண்மாயின் மறுகரையில் ஒரு நரி குரலெடுக்கும். உடனே தெற்கிலிருந்து ஒன்று, ஆற்றுப் பக்கமிருந்து ஒன்று என விடை வரும். அரபியில் நரிக்கு இப்னு ஆவா என்று பெயர். ஊளையைக் கேட்டவர்க்கு அப்பெயரிலேயே அதன் குரல் ஒலிப்பதாகத் தோன்றும். நாம் கேட்கும்போதெல்லாம் நமக்கு அவ்வாறே தோன்றுகிறது. நரி முகத்தில் விழித்தால் நற்பேறு என்று நம் நாட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்துச் சிற்றூர்களில் பொங்கலையொட்டி நரியைப் பிடித்துவந்து ஊருக்குள் ஓடவிடும் வழக்கமே இருந்து, வனத்துறை அதனைத் தடுத்து வருகிறது. நம் பரணுக்குக் கீழே நரி தானாகவே வந்து வண்டையும் எலியையும் பொறுக்கித் தின்றுவிட்டுப் போகிறது. பிடிக்க வேண்டிய தேவை நமக்கு ஏற்படவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நாம் காத்திருப்பது ஒரு சிறு பிராணிக்காக. இரண்டாம் ஆண்டு, மழை ஓய்ந்து மூன்றாம் நாள் என்று நினைவு, பரணின் காலடியில் சருகு சலசலத்தது. எலி என்றெண்ணி விளக்கைத் தாழ்த்தினோம். இரு கையில் அள்ளிவிடலாம் போன்ற ஓர் உருண்டை, முதுகெங்கும் முள், முகத்தில் கருமையும் வெண்மையும், நீண்ட மூக்கு தரையோடு தரையாக முகர்ந்துகொண்டே போயிற்று. முள்ளெலி. கறையான் புற்றின் ஓரத்தில் நின்று அரைமணி நேரம் அது தின்ற ஓசை, யாரோ அவல் மெல்லுவதுபோல் கேட்டது. நாம் இருமியதும் ஒரே நொடியில் தலையும் காலும் உள்ளடங்கி முட்பந்தாயிற்று. பத்து நிமிடம் அசையவில்லை. பிறகு முதலில் மூக்கு மட்டும் வெளிவந்தது.

இது தென்னிந்தியாவின் வறண்ட நிலங்களையன்றி உலகில் வேறெங்கும் இல்லாத இனம். 1851இல் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு என்பவர் இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். சென்னை முள்ளெலி என்று இன்று வழங்குகிறது. தேரி, மேய்ச்சல் வெளி, முட்புதர் என மனிதன் தரிசு என்று தள்ளும் இடங்களே இதன் இல்லம். அரசுப் பதிவேட்டில் தரிசு என்று எழுதப்படும் நிலத்தை எவரும் எளிதில் உழுதுவிடலாம், வேலியிட்டுவிடலாம், மனையாக்கிவிடலாம். அங்கே குடியிருப்பவர் யார் என்று கேட்பார் இல்லை.

அரபியில் இதற்குக் குன்ஃபுத் என்று பெயர். அன்கத் என்பது மற்றொரு பெயர். இரவெல்லாம் கண்மூடாமல் துன்புற்றவனை, அவன் அன்கதின் இரவைக் கழித்தான் என்று அரபிகள் பழமொழியாகச் சொல்வர். மதரஸாவில் அப்பழமொழியை மாணவர்க்குப் பலமுறை பாடம் சொல்லியிருக்கிறோம். அப்போதெல்லாம் பொருள் சொன்னோம். இப்போது பொருளைப் பார்த்தோம். உறக்கமின்மையைத் துன்பத்துக்கு உவமையாக்கிய அரபி, முள்ளெலி இரவில் எவ்வளவு மகிழ்ச்சியாக விருந்துண்ணுகிறது என்பதை மட்டும் ஏனோ சொல்லாமல் விட்டார்.

ஷாஃபிஈ மத்ஹபில் முள்ளெலியை உண்பது ஆகும். ஹனஃபி மத்ஹபில் ஆகாது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் அதை உண்டவர் எவரையும் நாம் அறியோம். ஆனால் மருந்தாகக் கொண்டவர்கள் உண்டு. இச்சீமையில் குழந்தைக்குக் கக்குவான் இருமல் கண்டால், முள்ளெலியின் தோலைச் சுட்டுக் கரியாக்கித் தேனில் குழைத்து நாவில் தடவுவார்கள். நம் நன்னியின் வீட்டு அடுக்களை உத்திரத்தில் அப்படியொரு காய்ந்த தோல் தொங்கியதை இளமையில் பார்த்திருக்கிறோம். ஜாதி, மதம் பாராமல் அண்டை வீட்டார் வந்து ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போவார்கள். அந்நாளைய தாய்மாரைக் குறைகூறுவதற்கில்லை. இரவெல்லாம் மூச்சுத் திணறும் பிள்ளையை மடியில் வைத்திருப்பவளுக்கு எது கையில் கிடைத்தாலும் மருந்துதான். 1978இல் இந்திய அரசு விரிவான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கிற்று. தொண்டையடைப்பான், கக்குவான், இரணஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசி ஊர்தோறும் வந்தது. கக்குவான் அரிதாயிற்று. ஆயினும் முள்ளெலித் தோலைத் தேடுவோர் இன்றும் முற்றாக மறையவில்லை. நோய் போனபின்னும் மருந்து தேடப்படுவது விந்தைதான்.

முள்ளம்பன்றியை நாம் இருமுறைதான் கண்டோம். முள்ளைக் கிலுகிலுவென்று குலுக்கிக்கொண்டு கரைமேல் நடந்து போயிற்று. முள்ளை அம்புபோல் எய்யும் என்பது கதை; பின்புறமாகப் பாய்ந்து குத்தும் என்பதே உண்மை. இதற்கு அரபியில் துல்துல் என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வெள்ளைக் கோவேறு கழுதையின் பெயராக மட்டுமே அச்சொல்லை அறிந்திருக்கும் நம் வாசகர்கள் இதைக் கேட்டு வியக்கலாம்.

இனிப் பன்றிக்கு வருவோம். ஸுரய்யா என்று அரபிகள் அழைக்கும் கார்த்திகை மீன்கூட்டம் மேற்கே சாயும் வேளையில் பெரும்பாலும் அவை வரும். சென்ற தை முதல் வாரம் பெரியதும் குட்டியுமாக ஒன்பது எண்ணினோம். அவை கதிரைத் தின்பதைவிடத் தட்டையைச் சாய்ப்பது மிகுதி. தகரத்தைத் தட்டினோம், கரையேறி நின்றன. நிறுத்தினோம், மறுமூலையில் இறங்கின. விடியுமட்டும் இவ்வாறு ஐந்து முறை. காலையில் அண்ணாச்சியுடன் அளந்து பார்த்ததில் நான்கு சென்ட் படுத்திருந்தது. நான்கு சென்ட் என்பது தாளில் சிறிய எண். 2018இல் படைப்புழு வந்த நாள்முதல் மருந்துக்குக் கடன், உரத்துக்குக் கடன் என்று நிற்பவருக்கு அது சிறிதன்று. பிணம்போல் கிடந்த தட்டைகளை அவர் ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். நிமிர்ந்தவை சில.

அப்போது சொன்னார்: "வாத்தியாரய்யா, நீங்க ஒரு ராத்திரி. மத்த ஆறு ராத்திரிக்கு நான் எங்க போவேன்? பக்கத்துக் காட்டுல ஒத்தக் கம்பிதான் இழுத்துருக்கான். நிம்மதியாத் தூங்குறான்."

ஒற்றைக் கம்பி என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. தரைக்கு ஒரு முழம் மேலே, வரப்பு நெடுகக் கட்டுக்கம்பி. அதில் மோட்டார்க் கொட்டகையிலிருந்து நேரடி மின்சாரம். கொட்டகையின் ஆணியில் புதிய கட்டுக்கம்பிச் சுருள் ஒன்று தொங்குவதை நாம் முன்னரே கண்டிருந்தோம், கேட்கவில்லை. அந்தப் பக்கத்துக் காட்டின் ஓரத்தில் ஒரு விடியலில் நரியொன்று கம்பியைக் கடித்தபடியே விறைத்துக் கிடந்ததையும் கண்டோம். அதன் மடியில் பால் இருந்தது. கம்பி பன்றியை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளியருகே இத்தகைய வேலியில் மூன்று யானைகள் மாண்டன. குட்டிகள் இரண்டு தாயின் உடலைச் சுற்றிச்சுற்றி வந்தன. யானைக்கே அக்கதி என்றால் விடியலில் வரப்பில் நடக்கும் மனிதனுக்கு என்ன? தண்ணீர் பாய்ச்சப் போனவர், ஆடு தேடிப் போனவர், சில வேளை கம்பி கட்டியவரே என்று செய்தித்தாளில் நாம் படிக்காத ஆண்டில்லை.

அண்ணாச்சிக்கு நாம் ஃபிக்ஹு சொல்லவில்லை, அவர் கேட்கவுமில்லை. ஆனால் மனத்தில் தோன்றியதை வாசகர்க்குச் சொல்லலாம். மக்கள் நடக்கும் பாதையில் ஒருவன் கிணறு தோண்டி, அதில் வழிப்போக்கன் விழுந்து இறந்தால், தோண்டியவன் இரத்த ஈடு செலுத்தப் பொறுப்பாவான் என்பது நம் சட்ட நூல்களில் தியத் பாடத்தில் வரும் விதி. கொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை என்பது விடுதலைக்குப் போதாது. வரப்பு பட்டாவில் யார் பெயரில் இருந்தாலும், நம் ஊர்களில் அது எல்லாரும் நடக்கும் வழி. கிணற்றையாவது பகலில் கண்ணால் பார்க்கலாம்.

அவரிடம் நாம் பேசியது வேறு. 2023இல் தமிழ்நாட்டரசு மின்வேலிகளைப் பதிவுசெய்து முறைப்படுத்த விதிகள் வகுத்திருக்கிறது. சூரிய ஒளிப்பலகையால் இயங்கும் வேலியில் விட்டுவிட்டுப் பாயும் நொடிப்பொழுது மின்சாரம் விலங்கை அதட்டுமே அன்றிக் கொல்லாது. 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரழிக்கும் பன்றியை வனத்துறையினரே சுடுவதற்கும் வழி செய்யப்பட்டது. இவற்றை எடுத்துச் சொன்னோம். சூரிய வேலி எவ்வளவாகும் என்று கேட்டார். விசாரித்துச் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். "ரெண்டு வருசத்துச் சோளம்" என்றார். அவர் கணக்கு தவறன்று. பக்கத்துக் காட்டுக்காரரையும் சேர்த்து மூன்று நான்கு பேர் கூடிப் போட்டால் பங்கு குறையும் என்றோம். ஒற்றைக் கம்பி இழுத்தவரிடம் இதைப் போய்ச் சொல்வது யார் என்பதில் அப்பேச்சு நின்றது. சொல்வதாக நாம் ஏற்றுக்கொண்டோம். இருமுறை சென்று சொன்னோம். இரண்டாம் முறை தேநீர் கொடுத்தார், விடை கொடுக்கவில்லை.

அந்த வியாழன் பன்றிகள் போனபின் உறக்கம் வரவில்லை. கிழக்கே, தொடுவானிலிருந்து மேல்நோக்கிக் கூர்மையாக ஒரு மங்கலான வெண்மை எழுந்தது. சுப்ஹு காதிப் என்னும் பொய் வைகறை. கதிரவனைச் சுற்றிப் பரவியுள்ள நுண்தூசியில் அவனொளி பட்டுச் சிதறுவதால் தோன்றுவது; ஊரின் விளக்கு வெளிச்சத்தில் தெரியாது. நோன்பின் சட்டம் பேசும் நூல்கள் இதனை ஓநாயின் வாலுக்கு ஒப்பிடுகின்றன. ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நாம் அந்த வாலை இந்தப் பரணிலிருந்துதான் முதன்முறை நேரில் கண்டோம். சிறிது நேரத்தில் அது மங்கி, அடியில் உண்மையான வைகறை குறுக்காகப் பரவியது. பரணிலிருந்து இறங்கி வாய்க்கால் நீரில் உளூச் செய்தோம்.

தொழுது திரும்பியபோது அண்ணாச்சி எழுந்து ஏணியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் படியின் கயிறு நைந்திருந்தது. ஆணியில் தொங்கிய சுருளிலிருந்து ஒரு பாக நீளம் வெட்டி அப்படியை இறுக்கிக் கட்டினார். எஞ்சியதை மறுபடியும் ஆணியில் மாட்டினார்.

"அறுவடைக்கு இன்னும் இருபது நாள் இருக்கு" என்றார். "புதன்கிழமையும் வர முடியுமா ஐயா?"

புதன் மறுநாள் காலையில் பாடம் உண்டு என்றோம். பிறகு யோசித்து, பாடம் எட்டு மணிக்குத்தானே என்றோம்.